கிளேனி தந்த நட்சத்திரம்

கணினியில் தட்டச்சு செய்த ஒரு நீண்ட கட்டுரையில் ஒரு சொல்லைத் தேடுவது எளிது. தேடல் பெட்டியில் அச்சொல்லை இட்டால் போதும். அது வரும் இடங்களைக் கணினி காட்டிவிடும். ஆனால், கட்டுரையில் உள்ள ஆண்டுகள் அனைத்தையும் தேட வேண்டுமென்றால் என்ன செய்வது? 1909, 1934, 1951 என ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எந்தெந்த ஆண்டுகளைக் குறிப்பிட்டோம் என்பதே நமக்கு மறந்து போயிருக்கலாம். நான்கு இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் காட்டு என்று கணினிக்குச் சொல்ல முடிந்தால் வேலை நொடியில் முடிந்துவிடும். அதாவது, சொல்லைத் தராமல் சொல்லின் தோரணியைத் தர வேண்டும்.

இவ்வாறு தோரணியைச் சில குறிகளால் எழுதிக் காட்டும் முறையைக் கணினித் துறையினர் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பர். தமிழில் இது சுருங்குறித்தொடர் எனப்படுகிறது. அதில் பயன்படும் குறிகளுள் மிகவும் புகழ்பெற்றது நட்சத்திரக் குறி (*). தனக்கு முன்னால் இருப்பது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்பது அதன் பொருள். கணினியியல் பாடநூல்களில் இக்குறிக்கு ‘கிளேனி நட்சத்திரம்’ என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கோல் கிளேனி. உரைகளைத் தேடுவதற்காக அவர் இதனை உருவாக்கவில்லை என்பதுதான் வியப்பு. மூளையின் நரம்புகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு இது தோன்றியது.

கிளேனி 1909-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பொருளியல் பேராசிரியர், தாய் கவிஞர். மேய்ன் மாநிலத்தில் அவர்கள் குடும்பத்திற்கு ஒரு பண்ணை இருந்தது. காடும் மலையும் சூழ்ந்த அந்தப் பகுதியின்மீது கிளேனி கொண்ட பற்று வாழ்நாள் முழுவதும் குறையவில்லை. அவருடைய குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பார்ப்பவர்கள் அதைக் ‘கிளீன்’ என்றோ ‘கிளீனி’ என்றோ படித்துவிடுவது உண்டு. ஆனால், அவர் தம் பெயரைக் ‘கிளேனி’ என்றே ஒலித்தார்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1930-ஆம் ஆண்டு மிக உயர்ந்த தேர்ச்சியுடன் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், மேற்படிப்புக்காகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் அலோன்சோ சர்ச். கணிதம் முழுவதையும் ஒருசில எளிய விதிகளின்மீது கட்டியெழுப்பிவிட முடியும் என்ற நம்பிக்கையோடு சர்ச் அப்போது ஒரு புதிய தருக்க முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த முறையில் எண்களைப் பற்றி எவ்வளவு தூரம் பேச முடியும் என்று ஆராயும் பொறுப்பு கிளேனிக்குக் கிடைத்தது.

கூட்டலும் பெருக்கலும் அந்த முறையில் எளிதாக அமைந்துவிட்டன. ஆனால், ஓர் எண்ணுக்கு முந்தைய எண்ணைக் கண்டறிவது பெரும் புதிராக இருந்தது. 5 என்றால் 4, 4 என்றால் 3 எனச் சொல்வது ஒரு சிறுவனுக்குக்கூடத் தெரியும். சர்ச்சின் விதிகளுக்கோ முன்னோக்கி எண்ண மட்டுமே தெரியும். பின்னோக்கிச் செல்லத் தெரியாது. அது முடியாத செயல் என்ற முடிவுக்குச் சர்ச்சே ஏறக்குறைய வந்துவிட்டார். 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளேனி பல் மருத்துவரிடம் சென்றிருந்தார். அங்கேதான் அவருக்கு வழி புலப்பட்டது. பின்னோக்கிச் செல்லத் தேவையில்லை. முன்னோக்கி எண்ணும்போதே, சற்றுமுன் கடந்து வந்த எண்ணையும் கூடவே எடுத்துச் சென்றால் போதும். எண்ணி முடிக்கும்போது கையில் இருக்கும் பழைய எண்தான் விடை. முடியாது என்று ஆசிரியர் எண்ணியதை மாணவர் முடித்துக் காட்டினார்.

ஆனால், இந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. கிளேனியும் அவருடன் பயின்ற ஜான் பார்க்லி ரோசரும் சர்ச்சின் முறையை மேலும் துருவி ஆராய்ந்தனர். அதில் ஒரு முரண்பாடு ஒளிந்திருப்பது வெளிப்பட்டது. அந்த முரண்பாட்டைக்கொண்டு எந்தக் கூற்றை வேண்டுமானாலும் உண்மையென நிறுவிவிடலாம். எல்லாவற்றையும் உண்மை என்று சொல்லும் முறையால் என்ன பயன்? ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய மாளிகை மணல்மேல் நின்றது. கிளேனியின் முனைவர் பட்ட ஆய்வும் அதே அடித்தளத்தின்மீதுதான் அமைந்திருந்தது. மறைத்துவிட்டுக் கடந்து போக அவர்கள் முயலவில்லை. கண்டறிந்ததை நிறுவிக் காட்டினர். 1935-ஆம் ஆண்டு அது கட்டுரையாக வெளிவந்தது.

இடிந்த கட்டடத்திலும் பழுதில்லாத ஒரு பகுதி எஞ்சி நின்றது. கணக்கிடும் செயலை மட்டும் விளக்கிய அந்தப் பகுதியில் முரண்பாடு ஏதும் இல்லை. கணக்கிடுதல் என்றால் என்ன, எவற்றைக் கணக்கிட முடியும், எவற்றைக் கணக்கிடவே முடியாது என்னும் கேள்விகளுக்கு அதுவே புதிய வாயிலைத் திறந்தது. 1934-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற கிளேனி, 1936-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார். சர்ச்சின் வழியில் கணக்கிடக்கூடியவையும் கர்ட் கோடல் வகுத்த வேறொரு வழியில் கணக்கிடக்கூடியவையும் ஒன்றே என்பதே அவ்வுண்மை. மின்னணுக் கணினிகள் தோன்றுவதற்கு முன்பே கணினியால் என்ன செய்ய முடியும் என்ற ஆராய்ச்சி இவ்வாறு தொடங்கிவிட்டது.

1935-ஆம் ஆண்டு கிளேனி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். இடையில் தாம் பயின்ற ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் சிறிது காலம் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். திசையும் தூரமும் கணித்துக் கப்பலைச் செலுத்தும் முறையை இளம் அதிகாரிகளுக்கு நியூ யார்க்கில் கற்பித்தார். பின்னர் வாஷிங்டனில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் திட்ட இயக்குநராக இருந்தார். போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டு விஸ்கான்சினுக்குத் திரும்பிய அவர், 1948-இல் பேராசிரியரானார்.

1951-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் உள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் அவர் சில மாதங்கள் பணியாற்றினார். வாரன் மெக்கலக் என்ற நரம்பியல் அறிஞரும் வால்டர் பிட்ஸ் என்ற இளம் தருக்கவியலாளரும் 1943-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரை அங்கே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. மூளையில் உள்ள நரம்பணுவை அவர்கள் இருவரும் ஓர் எளிய கருவியாகக் கற்பனை செய்திருந்தனர். ஒரு நொடியில் அது துடிக்கும், அல்லது துடிக்காமல் இருக்கும்; அவ்வளவுதான். அத்தகைய அணுக்கள் பல ஒன்றோடொன்று இணைந்து ஒரு வலையாகின்றன. இந்த வலையால் எவற்றை அடையாளம் காண முடியும்? இதுவே கிளேனி எழுப்பிய கேள்வி.

அவர் கண்ட விடையை ஒரு தாளத்தைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஒரு கருவி ‘தா’, ‘தை’ என்னும் இரண்டு ஒலிகளை மட்டுமே கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அடையாளம் காணக்கூடிய தோரணிகள் எல்லாவற்றையும் மூன்றே செயல்களால் எழுதிவிடலாம் என்று கிளேனி நிறுவினார். முதலாவது, ஒன்றன்பின் ஒன்றாக வருதல்: ‘தா’வுக்குப் பிறகு ‘தை’. இரண்டாவது, ஒன்று அல்லது மற்றொன்று வருதல்: ‘தா’வோ ‘தை’யோ. மூன்றாவது, மீண்டும் மீண்டும் வருதல். இந்த மூன்றாவது செயலுக்கே அவர் நட்சத்திரக் குறியை இட்டார். ‘தா தை* தா’ என்று எழுதினால் ‘தா தா’, ‘தா தை தா’, ‘தா தை தை தை தா’ ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். முடிவில்லாத எத்தனையோ தாளங்களை ஒரு சிறு குறி தனக்குள் அடக்கிக்கொள்கிறது.

எல்லையையும் அவருடைய ஆய்வு வரையறுத்தது. ‘தா’ எத்தனை முறை வந்ததோ அதே எண்ணிக்கையில் ‘தை’யும் பின்னர் வர வேண்டும் என்ற தோரணியை இம்மூன்று செயல்களால் எழுதவே முடியாது. எத்தனை ‘தா’ வந்தன என்று எண்ணி வைத்துக்கொள்ள எல்லையற்ற நினைவாற்றல் வேண்டும். நரம்பு வலைக்கோ அளவான நினைவாற்றலே உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் அடைப்புக்குறிகள் சரியாக இணைந்துள்ளனவா என்பதைச் சுருங்குறித்தொடரால் மட்டும் சோதிக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

இம்மூன்று செயல்களால் அமையும் தோரணிகளுக்குக் கிளேனி ‘ஒழுங்கானவை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அப்பெயரில் அவருக்கே முழு நிறைவு இல்லை. இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றினால் தெரிவிக்கலாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். 1951-ஆம் ஆண்டின் இறுதியில் ராண்ட் நிறுவனத்தின் ஆய்வறிக்கையாக இருந்த அந்த ஆய்வு, 1956-ஆம் ஆண்டு ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கணிதம் கணினித் திரைக்கும் அச்சுத் தாளுக்கும் அருகே வந்துவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன், ‘கியூ.இ.டி.’ என்ற உரைத் திருத்தியில் சுருங்குறித்தொடரைச் சேர்த்தார். உரைத் திருத்தி என்பது எழுத்துகளை இடவும் நீக்கவும் மாற்றவும் உதவும் மென்பொருள். தோரணியை எப்படித் தேடுவது என்று விளக்கும் அவருடைய கட்டுரை 1968-ஆம் ஆண்டு வெளியானது. ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை மட்டும் படித்து, தோரணியில் அப்போது எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும் என்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கணக்கில் வைத்துக்கொள்வதே அவர் கையாண்ட வழி. பின்னர் அவர் உருவாக்கிய ‘இ.டி.’ என்ற திருத்தியிலும் ‘கிரெப்’ என்ற தேடல் கருவியிலும் கிளேனியின் நட்சத்திரம் இடம்பெற்றது. உரை முழுவதிலும் தோரணியைத் தேடி, அது உள்ள வரிகளை அச்சிடு என்று ‘இ.டி.’க்கு இடும் கட்டளையின் எழுத்துகளே சேர்ந்து ‘கிரெப்’ என்ற பெயராயின.

கணிதம் கருவியானபோது அதனோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அக்காலத்துக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. பலர் திரையில்லாமல், தாளில் வரிவரியாக அச்சிடும் தொலை அச்சுக் கருவியின் முன் அமர்ந்து வேலை செய்தனர். ஆகவே, ‘இ.டி.’ உரையை வரிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டது. ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாகத் தேடியது. ‘கிரெப்’ கருவியும் அவ்வாறே செய்தது. ஒரு வரியின் முடிவில் ‘நியூ’ என்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘யார்க்’ என்றும் இருந்தால், ‘நியூ யார்க்’ என்ற தேடலுக்கு அது அகப்படாது. இரண்டு சொற்களையும் கண்ணால் பார்க்கும் மனிதருக்கு அவை சேர்ந்தே தெரியும். கருவிக்கோ வரி முடிந்ததும் உலகமே முடிந்துவிடும்.

கிளேனியின் கணிதத்தில் வரி என்று எதுவும் இல்லை. அவருக்கு உரை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் குறிகளின் நீண்ட தொடர் மட்டுமே. அந்த நோக்கில், வரி முடியும் இடமும் எழுத்துகளைப் போல ஒரு குறிதான். உண்மையில் கணினிக் கோப்பிலும் வரிமுடிவு கண்ணுக்குத் தெரியாத குறியாகவே சேமிக்கப்படுகிறது. பிற்காலத்து உரைத் திருத்திகள் பல, உரை முழுவதையும் ஒரே தொடராகக் கொண்டு தேடும் வசதியைத் தந்தன. ‘நியூ’வுக்கும் ‘யார்க்’குக்கும் நடுவே இடைவெளியோ வரிமுடிவோ வரலாம் என்று எழுதினால் போதும், பிரிந்து கிடக்கும் பெயரும் அகப்பட்டுவிடும். கிளேனி கூறிய ‘ஒன்று அல்லது மற்றொன்று’ என்ற செயல்தான் இங்கே கைகொடுக்கிறது. சில கணினிகளில் வரிமுடிவு ஒரு குறியாகவும் வேறு சிலவற்றில் இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படுகிறது. அவ்விரண்டுக்கும் இடம் கொடுத்துத் தோரணியை எழுதுவது நல்லது.

வரிகளைக் கடந்து தேடும்போது கவனமும் வேண்டும். சுருங்குறித்தொடரில் புள்ளி என்பது எந்த எழுத்தையும் குறிக்கும் குறி. பழைய வழக்கப்படி அது வரிமுடிவை மட்டும் குறிக்காது; வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுமாறு அமைக்கலாம். ஒரு கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் உள்ள குறிப்புகளை எல்லாம் நீக்க நினைக்கிறோம் எனக் கொள்வோம். குறிப்புகள் சில இரண்டு மூன்று வரிகளுக்கு நீள்கின்றன. திறக்கும் குறி, பிறகு புள்ளியும் நட்சத்திரமும், பிறகு மூடும் குறி என்று தோரணி எழுதுகிறோம். புள்ளி வரிமுடிவையும் ஏற்கும்படி அமைத்துவிட்டால் என்ன ஆகும்? நட்சத்திரம் தன்னால் இயன்றவரை நீண்டு செல்லும் இயல்புடையது. முதல் குறிப்பில் திறந்த குறியிலிருந்து கட்டுரையின் கடைசிக் குறிப்பில் மூடும் குறி வரை உள்ள அனைத்தையும் அது வாரிக்கொள்ளும். குறிப்புகளோடு கட்டுரையும் அழிந்துவிடும்.

இதற்குத் தீர்வும் எளிது. நடுவில் எந்த எழுத்தும் வரலாம் என்று எழுதாமல், மூடும் குறியைத் தவிர வேறு எதுவும் வரலாம் என்று எழுத வேண்டும். அப்போது நட்சத்திரம் முதலில் எதிர்ப்படும் மூடும் குறியோடு நின்றுவிடும். பல திருத்திகளில் இத்தோரணி வரிகளையும் தானாகவே கடந்து செல்லும். எது வரலாம் என்பதைப் போலவே எது வரக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொன்னால்தான் இயந்திரம் நாம் நினைத்ததைச் செய்யும். இருப்பினும், மாற்றுவதற்கு முன் தேடிப் பார்த்து, அகப்பட்டவை சரியா என்று சோதிப்பதே அறிவுடைமை. சர்ச்சின் முறையில் ஒளிந்திருந்த பிழையும் இவ்வாறு பொறுமையாகச் சோதித்ததால்தான் வெளிப்பட்டது.

கருவிகள் இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்தபோது, கிளேனி தம் மாணவர்களோடும் நூல்களோடும் விஸ்கான்சினிலேயே இருந்தார். கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி 1952-ஆம் ஆண்டு அவர் எழுதிய பெருநூல், தருக்கவியல் பயில்வோரால் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டது. 1969 முதல் 1974 வரை அப்பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் கல்லூரிக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார். மலையேறுவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. இயற்கையைப் பாதுகாக்கும் பணிகளிலும் ஈடுபாடு காட்டினார். 1979-ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. எவற்றைக் கணக்கிட முடியும் என்னும் ஆய்வுத் துறையை வளர்த்தமைக்காகவே அந்தச் சிறப்பு அவருக்குக் கிடைத்தது.

1994-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், தமது 85-ஆம் வயதில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் கிளேனி காலமானார். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் கணித நூலகத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ‘ஒழுங்கானவை’ என்பதைவிட நல்ல பெயர் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார் அல்லவா? அப்படியொரு பெயர் நிலைபெறவில்லை. அவர் அரைமனத்தோடு வைத்த பெயரே ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதில் இன்றுவரை வழங்குகிறது. அவர் இட்ட நட்சத்திரமோ அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது.